முண்டந்துறையில் புலி தெரியுமா? – வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில் களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகம் பற்றி இரண்டு பக்கம் எழுதியிருந்தோம். தாமிரபரணி பிறக்கும் மலை, அங்கே இருக்கும் உயிர்கள், அவ்வளவுதான் விஷயம். அதற்கு இவ்வளவு கடிதம் வந்திருக்கிறது. பெரும்பாலும் நெல்லை, தென்காசி, தூத்துக்குடிக்காரர்கள். சிலர் பாராட்டியிருக்கிறார்கள், சிலர் நன்றாகவே திட்டியிருக்கிறார்கள். இந்த முறை பகுதி முழுவதையும் அவற்றுக்கே கொடுத்துவிட்டோம். பெயர் போட வேண்டாம் என்று பலர் கேட்டுக்கொண்டதால் ஊர் மட்டும் போட்டிருக்கிறோம்.

கேள்வி: குடும்பத்தோடு முண்டந்துறையில் தங்கினோம். காலையிலும் மாலையிலும் கண்கொட்டாமல் பார்த்தும் புலியின் வால்கூடத் தெரியவில்லை. புலியே இல்லாத இடத்துக்கு எதற்குப் புலிகள் காப்பகம் என்று பெயர்? (சாத்தூர்)

பதில்: உங்களுக்கு மட்டுமா தெரியவில்லை? அங்கேயே வருடக்கணக்கில் நடக்கும் வாட்சர்களிலும் புலியை நேருக்கு நேர் பார்த்தவர்கள் கொஞ்சம் பேர்தான். அவர்கள் பார்ப்பது ஈர மண்ணில் கால்தடம், மரத்தில் நகக்கீறல், வழியில் கிடக்கும் முடி கலந்த எச்சம், அப்புறம் தானியங்கிக் கேமராவில் நடுச்சாமத்தில் விழுந்த ஒரு படம்.

புலி இருக்கிறது, ஆனால் குறைவு. முதுமலை, பந்திப்பூர் போன்ற இலையுதிர் காடுகளில் தரையில் வெயில் விழும், புல் முளைக்கும், புள்ளிமான் கூட்டம் கூட்டமாக மேயும், அதனால் புலிக்கும் பஞ்சமில்லை. இங்கே உயரப் போகப் போக மழைக்காடு. மரக்கிளைகள் மேலே கோத்துக்கொண்டு வெயிலை வழியிலேயே தடுத்துவிடுகின்றன. தரையில் புல் கிடையாது, சருகுதான். புல் இல்லாத இடத்தில் மான் குறைவு, மான் குறைந்த இடத்தில் புலி குறைவு, இதில் யாருடைய குற்றமும் இல்லை. நீங்கள் தங்கிய முண்டந்துறைத் திட்டு மட்டும் கொஞ்சம் விதிவிலக்கு. அது சேர்வலாற்றுக்கும் தாமிரபரணிக்கும் நடுவே கிடக்கும் மேட்டுச் சமவெளி, வறண்ட பகுதி, புல் உண்டு. அங்கே சாயங்காலம் மிளாவும் புள்ளிமானும் பார்த்திருப்பீர்களே? அதைக் கடிதத்தில் ஒரு வரிகூட எழுதவில்லை நீங்கள்.

பெயருக்கு வருகிறேன். 1962-ல் முண்டந்துறை புலிகள் சரணாலயம் ஆனது. 1976-ல் களக்காடு சரணாலயம் வந்தது, அது சிங்கவால் குரங்குக்காக. 1988-ல் இரண்டையும் சேர்த்துத் தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகம் ஆக்கினார்கள், சுமார் 895 சதுர கிலோமீட்டர். என்னைக் கேட்டால் அதற்கு ‘ஆறுகள் காப்பகம்’ என்று வைத்திருக்க வேண்டும். தாமிரபரணி, காரையாறு, சேர்வலாறு, மணிமுத்தாறு, கடனாநதி, ராமநதி, பச்சையாறு, நம்பியாறு, கொடுமுடியாறு, கோதையாறு என்று பத்து விரலும் போதாத அளவுக்கு ஆறுகள் அங்கிருந்துதான் இறங்குகின்றன. ஆற்றைப் பார்க்கவென்று யாரும் டிக்கெட் வாங்க மாட்டார்கள், அதனால் புலி.

கேள்வி: தாமிரபரணியை வற்றாத ஜீவநதி என்று சொல்லிக்கொண்டே இருக்கிறோம். மழை நின்று நாலு மாதம் ஆன பிறகும் தண்ணீர் எங்கிருந்து வருகிறது? (பாளையங்கோட்டை)

பதில்: முதலில் மழைக் கணக்கு. பெரும்பாலான தமிழக ஆறுகளுக்கு ஒரு பருவமழைதான் உண்மையில் கைகொடுக்கும். பொதிகை மலை தெற்குக் கோடியில் நிற்பதால் ஆனி ஆடிச் சாரலும் கிடைக்கிறது, ஐப்பசி கார்த்திகை அடைமழையும் கிடைக்கிறது. மாஞ்சோலை மலையில் ஊத்து, நாலுமுக்கு, கக்காச்சி பக்கம் வருடத்துக்கு 3,000 மில்லிமீட்டரைத் தாண்டிப் பெய்யும். அங்கிருந்து பறவை பறக்கும் தூரத்தில் இருக்கிற உங்கள் பாளையங்கோட்டையில் அதில் மூன்றில் ஒரு பங்குகூடப் பெய்யாது.

ஆனால் மழை பெய்தால் மட்டும் ஆறு ஓடாது, பெய்தது நிற்க வேண்டும். மேலே மழைக்காட்டுக்குள் ஒரு பெரிய மழைக்கு ஒதுங்கி நின்றால் இது புரியும். முதல் பத்து நிமிஷம் உங்கள் மேல் சொட்டு விழாது, மேலே இரைச்சல் மட்டும் கேட்கும். அப்புறம் இலையிலிருந்து இலைக்கு இறங்கி, அடிமரத்தில் பாசி வழியே நூலாக வழிந்து, கடைசியில் சருகின்மேல் சத்தமில்லாமல் விழும். சருகைக் கையால் விலக்கிப் பாருங்கள்: மேலே காய்ந்த இலை, அதற்குக் கீழே பாதி மக்கியது, அதற்கும் கீழே வெள்ளைப் பூஞ்சை நூல் பின்னிய கறுப்பு மண், விரலை விட்டால் இரண்டாவது கணு வரைக்கும் தடையில்லாமல் போகும். அட்டையும் ஏறும், அது வேறு விஷயம். அந்த மண்ணுக்குள் போன தண்ணீர் வேர்த்துவாரம், பாறைப் பிளவு என்று இறங்கி எங்கெங்கோ தங்கி, வாரக்கணக்கில், மாதக்கணக்கில் கழித்துக் கீழே ஒரு பாறை இடுக்கில் கசிந்து வருகிறது. பங்குனி, சித்திரையில் ஓடையில் நீங்கள் பார்ப்பது அந்தப் பழைய மழையைத்தான். முகட்டில் உள்ள புல்வெளியும் பள்ளத்தில் உள்ள சோலையும் இதே வேலையைச் செய்கின்றன, அதோடு மழை இல்லாத நாளிலும் மேகம் வந்து உரசும்போது இலை நுனியில் சேரும் ஈரமும் கொஞ்சம் கணக்கில் சேர்கிறது.

இதையும் சொல்லியாக வேண்டும். ஜீவநதி என்று மார்தட்டுகிறோம், ஆனால் கோடையில் ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டைத் தாண்டிக் கீழே போய்ப் பாருங்கள், புன்னைக்காயல் கடலுக்கு ஆறு போய்ச் சேருகிறதா என்று. கோடைமேலழகியானில் தொடங்கி ஸ்ரீவைகுண்டம் வரை 8 அணைக்கட்டுகள், சுமார் 86,000 ஏக்கர் பாசனம், அதற்கு மேல் நெல்லை, தூத்துக்குடி நகரங்களின் குடிநீர், விருதுநகர் மாவட்டம் வரை போகும் கூட்டுக் குடிநீர்க் குழாய்கள், ஆலைகள். முன்பு கார், பிசானம் என்று இரண்டு பட்டம் போட்ட வயல்களில் கார் பட்டத்தைக் கைவிட்டவர்கள் எத்தனை பேர் என்பது உங்கள் பக்கத்து விவசாயிகளைக் கேட்டாலே தெரியும். மலை தருவதைத் தந்துகொண்டுதான் இருக்கிறது.

கேள்வி: பேப்பரில் தினமும் பாபநாசம் 143 அடி, சேர்வலாறு 156 அடி, மணிமுத்தாறு 118 அடி என்று வருகிறது. அப்படியானால் சேர்வலாறுதான் பெரிய அணையா? எங்கள் வீட்டில் இதற்காக ஒரு பந்தயமே நடக்கிறது. (கல்லிடைக்குறிச்சி)

பதில்: சேர்வலாறு என்று சொன்னவர் தோற்றார். அடி என்பது ஆழம், கொள்ளளவு அல்ல. சேர்வலாறு குறுகலான பள்ளத்தாக்கில் எழுப்பிய அணை, 156 அடி நிறைந்தாலும் அது பிடிப்பது சுமார் 1,225 மில்லியன் கனஅடிதான். 118 அடி மணிமுத்தாறு 5,500-ஐத் தாண்டும், பாபநாசமும் ஏறக்குறைய அதே அளவு. செம்பு உயரமாக இருக்கலாம், தண்ணீர் அண்டாவில்தான் அதிகம். பாபநாசத்தையும் சேர்வலாற்றையும் ஒரு சுரங்கப்பாதை இணைக்கிறது, அதனால்தான் ஒன்றில் ஏறினால் மற்றதிலும் ஏறுவதைப் பேப்பரில் பார்க்கிறீர்கள். பாபநாசத்துக்கு இரண்டு பருவமழையும் தண்ணீர் கொடுக்கும். 1958-ல் கட்டிய மணிமுத்தாறு பெரும்பாலும் வடகிழக்குப் பருவமழையை நம்பி இருக்கிறது, ஆடிச் சாரலுக்கு அது அவ்வளவாக அசையாது.

கேள்வி: மாஞ்சோலை போகும் வழியில் கறுப்புக் குரங்கு பார்த்தோம். கூட வந்தவர் சிங்கவால் குரங்கு என்றார், டிரைவர் அது இல்லை என்றார். எப்படிக் கண்டுபிடிப்பது? இந்தக் குரங்குக்கு ஏன் இவ்வளவு மரியாதை? (திருச்செந்தூர்)

பதில்: வாலைப் பாருங்கள். உடம்பைவிட நீளமாகக் கிளையிலிருந்து கயிறு மாதிரி தொங்கினால் அது கருமந்தி. தலை மட்டும் பழுப்பும் மஞ்சளுமாக இருக்கும், காலையில் ‘ஹூ... ஹூ’ என்று மலை அதிரக் கத்தும். அது இலை தின்னி. ஒரு காலத்தில் கருங்குரங்கு லேகியம் என்று சொல்லி இதைச் சுட்டுச் சுட்டே குறைத்துவிட்டார்கள், 1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகுதான் மூச்சு விட்டது. சிங்கவாலுக்கு வால் குட்டை, நுனியில் குஞ்சம், முகத்தைச் சுற்றி நரைத்த பிடரி. சாலையோரத்தில் நின்று போஸ் கொடுக்கும் ஜாதி இல்லை, ஆகவே டிரைவர் பக்கம்தான் என் ஓட்டு.

மரியாதை ஏன் என்று கேட்டீர்கள், அதற்கு ஒரு மரத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். வெடிப்பலா என்று ஒரு மரம், டுரியன் பழமரத்துக்கு உறவுக்காரன், நாற்பது மீட்டர் வரை போகும். கக்காச்சி போன்ற காடுகளில் எந்தப் பக்கம் திரும்பினாலும் நிற்கும். மாசி, பங்குனி வாக்கில், மற்ற மரங்களில் பழம் அருகிப்போன நேரத்தில், இது பூக்கும். பூ கிளை நுனியில் வராது, கிளையின் உடம்பிலேயே கொத்துக் கொத்தாக ஒட்டிக்கொண்டு வரும்; இதழ் கிடையாது, மங்கலான பழுப்பில் தடித்த ஒரு குழல், உள்ளே தேன். அந்தப் பருவத்தில் மரத்தடியில் நின்றால் மேலேயிருந்து கடித்துப் போட்ட குழல்கள் பொத்து பொத்தென்று தலையில் விழும். சிங்கவால் தின்னும், கருமந்தி தின்னும், மலை அணில் தின்னும், ராத்திரியானால் மரநாயும் வௌவாலும் பறக்கும் அணிலும் ஷிப்ட் மாறி வரும். பூவைத் தின்பது மரத்துக்கு நஷ்டம் என்றுதானே நினைப்போம்? கக்காச்சியில் ஆய்வு செய்தவர்கள் கண்டது வேறு. தின்ன வரும் இந்தப் பாலூட்டிகளின் முகத்தில் ஒட்டும் மகரந்தம்தான் அடுத்த மரத்துக்குப் போய்ச் சேருகிறது. பூ ஏராளம், தின்றதுபோக மிச்சத்தில் காய் பிடித்துவிடும். பலாவைச் சிறிதாக்கி முள்ளைக் கூராக்கியது போன்ற காய். அதை முற்றும் முன்பே பல்லால் பிளந்து தின்னும் தாடை சிங்கவாலுக்கு உண்டு. மற்ற பழங்களைக் கன்னப்பையில் அடக்கிக்கொண்டு போய் வேறிடத்தில் கொட்டையைத் துப்பிவிட்டுப் போகும், அங்கே மரம் முளைக்கும்.

அந்த மரங்கள்தான் மேலே ஜீவநதிக் கேள்வியில் சொன்ன சருகையும் நிழலையும் கொடுக்கின்றன. இந்தக் குரங்கு பெரும்பாலும் தரைக்கு இறங்காமல் கிளை வழியாகவே போகும். நடுவே தேயிலைத் தோட்டமோ அகலமான சாலையோ வந்துவிட்டால் கூட்டம் அந்தப் பக்கமே நின்றுபோகும்.

கேள்வி: 2023 டிசம்பர் வெள்ளத்தில் எங்கள் வீட்டில் கழுத்தளவு தண்ணீர். காடு இருந்தால் வெள்ளம் வராது என்று எழுதுகிறீர்களே, அவ்வளவு பெரிய காடு மேலே இருந்து என்ன செய்தது? (ஏரல்)

பதில்: உங்கள் கோபம் நியாயம். காடு இருந்தால் வெள்ளமே வராது என்று நாங்கள் எழுதவில்லை, யாராவது அப்படி எழுதினால் நம்பாதீர்கள். அன்றைக்கு என்ன நடந்தது? டிசம்பர் 17, 18-ல் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பெய்தது. ஒரு வருடத்து மழை ஒரு நாளில், அதுவும் காடே இல்லாத கடலோரத்தில். திருச்செந்தூர், ஸ்ரீவைகுண்டம் பக்கமும் அறுபது சென்டிமீட்டருக்கு மேல். மலையிலும் மாஞ்சோலை, ஊத்து பகுதிகளில் ஐம்பதைத் தொட்ட மழை. கார்த்திகை முழுக்க நனைந்து ஏற்கெனவே நிரம்பிக்கிடந்த மண்ணில் அரை மீட்டர் மழை விழுந்தால் எந்தக் காடும் அதை அப்படியே குடித்துவிடாது. காடு செய்வது, சாதாரண மழையையும் பெருமழையையும் இறக்கிவிடும் வேகத்தைக் குறைப்பது, மலை மண் சரிந்து அணைக்குள் வராமல் பிடிப்பது. அதற்கு மேல் அணை நிரம்பி மதகு திறந்தாக வேண்டிய நேரம், சமவெளியில் குளங்கள் ஒன்றன்பின் ஒன்றாக உடைந்த நேரம், எல்லாம் ஒன்றாகச் சேர்ந்துகொண்டன. குளத்துக்குப் போகும் கால்வாயும் உபரிநீர் போகும் ஓடையும் எந்த அளவில் இருந்தன, யார் யார் வீடு கட்டியிருந்தார்கள் என்ற கேள்வியை மலையைப் பார்த்துக் கேட்க முடியாது, கீழேதான் கேட்க வேண்டும். ஏரல்காரர் நீங்கள் கேட்டால் அதற்கு வலு அதிகம்.

கேள்வி: பாணதீர்த்தம் அருவிக்கு ஏன் போக விடுவதில்லை? சின்ன வயதில் படகில் போய்க் குளித்தோம். (சங்கரன்கோவில்)

பதில்: காரையாறு அணையை, அதாவது பாபநாசம் அணையை, படகில் கடந்து போக வேண்டிய இடம், காப்பகத்தின் உள்பகுதி. படகும் நின்றது, அனுமதியும் நின்றது. குளிக்கத்தான் வேண்டும் என்றால் பாபநாசம் அகஸ்தியர் அருவி இருக்கிறது.

கேள்வி: ஆடி அமாவாசைக்குச் சொரிமுத்து ஐயனார் கோயிலுக்குக் குடில் போட்டு ஒரு வாரம் தங்குவது எங்கள் பரம்பரை வழக்கம். இப்போது நாள் கணக்கு, வண்டி கணக்கு என்று ஆயிரம் கெடுபிடி. சாமிக்கும் புலிக்கும் சண்டை மூட்டிவிடுவது யார்? (கடையம்)

பதில்: கோயில் காப்பகத்துக்கு முந்தியது என்பதில் சந்தேகமில்லை, சிங்கம்பட்டி ஜமீன் காலத்திலிருந்து நடக்கும் திருவிழா, அதை நிறுத்தச் சொல்ல யாருக்கும் உரிமையில்லை. ஆனால் உங்கள் தாத்தா மாட்டுவண்டி கட்டிப் போன திருவிழாவும் இன்றைக்கு நடக்கும் திருவிழாவும் ஒன்றா, சொல்லுங்கள். இப்போது வருவது லட்சக்கணக்கில். ஜெனரேட்டர், ஒலிபெருக்கி, பிளாஸ்டிக் கூடாரம், ஆற்றிலேயே பாத்திரம் கழுவி ஆற்றிலேயே மற்றதும். திருவிழா முடிந்த மறுநாள் அந்தக் கரையில் நடந்தால் கால் வைக்க இடம் இருக்காது. கெடுபிடி செய்யும் விதத்தில் எனக்கும் மனக்குறை உண்டு: பாபநாசம் சோதனைச்சாவடியில் கைக்குழந்தையோடு வருபவரைக் காக்கவைத்துவிட்டு, செல்வாக்கானவர் கார் மட்டும் விசிலடித்துப் போவதை எல்லோரும் பார்க்கிறார்கள். அதைத் திருத்த வேண்டும். ஆனால் நாள் கணக்கு வைப்பது சரி என்றே நினைக்கிறேன்.

இதோடு சேர்த்து இன்னொன்று: பரிகாரம் என்று சொல்லிப் பாபநாசத்தில் குளித்துவிட்டு உடுத்திய துணியை ஆற்றில் விடுகிறார்களே, அதை எந்த ஐயனார் கேட்டார்? கோடையில் தண்ணீர் இறங்கும்போது பார்த்தால் பாறைக்குப் பாறை புடவையும் வேட்டியும் சுற்றிக்கொண்டு நாறிக்கிடக்கும், தூய்மைப் பணியாளர்கள்தான் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி இழுத்துப்போடுகிறார்கள்.

கேள்வி: நாங்கள் கல்லூரி நண்பர்கள் விதைப்பந்து தயாரித்து மலையில் வீசலாம் என்றிருக்கிறோம். எந்தப் பகுதி நல்லது? (தூத்துக்குடி)

பதில்: எந்தப் பகுதியும் வேண்டாம் தம்பி. மழைக்காடு தன் விதையைத் தானே போட்டுக்கொள்ளும், அதற்கு மேலே சொன்ன குரங்கும் இருவாச்சிப் பறவையும் சம்பளமில்லாமல் வேலை பார்க்கின்றன. முகட்டில் மரமில்லாமல் கிடக்கிற புல்வெளியைப் பார்த்து ‘காலியாக இருக்கிறதே’ என்று நினைத்தீர்களோ தொலைந்தது. அது வரையாடு மேயும் இடம். நீலகிரியில் அப்படி நினைத்துத்தான் சீகை (வாட்டில்) மரத்தைக் கொண்டுவந்து நட்டார்கள், இன்றைக்கு அதைப் பிடுங்கக் கோடிக்கணக்கில் செலவு. அடிவாரத்து முள்காடும் அப்படித்தான், அது அழிந்துபோன காடு அல்ல, அங்கு பெய்கிற மழைக்கு அதுதான் காடு. உற்சாகம் இருக்கிறதென்றால் தாமிரபரணிப் பாசனக் குளங்களில் வருடந்தோறும் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது, 2011-லிருந்து. பைனாகுலரோடு போய்ச் சேர்ந்துகொள்ளுங்கள்.

கேள்வி: அரிக்கொம்பன் இப்போது எங்கே? நம் காட்டில் கொண்டுவந்து விட்டது சரியா? (நாகர்கோவில்)

பதில்: கேரளத்தின் சின்னக்கானலில் ரேஷன் கடையை உடைத்து அரிசி தின்று பேர் வாங்கிய யானை. 2023 ஏப்ரலில் பிடித்துப் பெரியாறு காட்டில் விட்டார்கள், அது மே மாதம் கம்பம் ஊருக்குள் வந்தது, ஜூன் தொடக்கத்தில் மறுபடி மயக்க ஊசி போட்டு நம் மேல்கோதையாறு, முத்துக்குழிவயல் பக்கம் கொண்டுவந்து விட்டார்கள். செப்டம்பரில் நாலுமுக்கு, ஊத்து எஸ்டேட் பக்கம் எட்டிப்பார்த்தது, வாழையை ஒரு கை பார்த்துவிட்டுத் திரும்பியது. புல்லும் தண்ணீரும் உள்ள இடம்தான், யானைக்கு ஏற்ற காடுதான்; 2022-ல் அகத்தியமலை யானைகள் காப்பகம் என்று 1,197 சதுர கிலோமீட்டரை அறிவித்தும் இருக்கிறார்கள். சரியா என்றால், யானைக்குப் பிறந்த காடு, தாய் வழிக் கூட்டம், போன வழி எல்லாம் மனதில் இருக்கும். அதைத் தூக்கி வேறு காட்டில் வைப்பது கடைசி வழியாகத்தான் இருக்க வேண்டும் என்பது என் கட்சி. அங்கே சின்னக்கானலில் யானை நடந்த இடத்தில் குடியேற்றம் வைத்த கதையை யாரும் பேசவில்லை பாருங்கள்.

கேள்வி: எங்கள் தெருவில் சிறுத்தை ஆடு தூக்குகிறது. கூண்டு வைத்துப் பிடிக்கிறார்கள், மேலே கொண்டுபோய் விடுகிறார்கள், பத்து நாளில் இன்னொன்று வருகிறது. (விக்கிரமசிங்கபுரம்)

பதில்: வரும். ஒரு சிறுத்தையைத் தூக்கினால் அதன் இடம் காலியாகிறது, பக்கத்தில் இடமில்லாமல் சுற்றும் இளசு ஒன்று வந்து உட்காரும். சமயத்தில் பிடித்துக்கொண்டுபோனதே திரும்பியும் நடந்து வரும். கறிக்கடைக் கழிவு, அதற்குச் சேரும் தெருநாய், நாய்க்கு வரும் சிறுத்தை, இந்தச் சங்கிலியை அறுக்காமல் கூண்டு வைத்துப் பயனில்லை. ராத்திரி ஆட்டுக்கு மேலே மூடிய கொட்டில், தெருவில் வெளிச்சம், இழப்பீடு அலையவிடாமல் கையில் கிடைப்பது. மூன்றாவதுதான் கஷ்டம் என்று தெரியும். தெரு நாலு பேர் சேர்ந்து ரேஞ்சர் அலுவலகத்தில் எழுத்தில் கொடுங்கள், ரசீது வாங்குங்கள்.

கேள்வி: மாஞ்சோலைத் தொழிலாளர்களை இறக்கிவிட்டுக் காடு வளர்ப்பது என்ன நியாயம்? நாலு தலைமுறை அட்டைக்கடியில் வாழ்ந்தவர்கள் மனிதர்கள் இல்லையா? (மணிமுத்தாறு)

பதில்: இந்த மடலைப் பலமுறை படித்தேன். தெரியாத வாசகர்களுக்காக: 1929-ல் சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து ஒரு தேயிலைக் கம்பெனி 99 வருடக் குத்தகைக்கு எடுத்த சுமார் 8,373 ஏக்கர் நிலம், காட்டுக்கு நட்டநடுவே. மாஞ்சோலை, கக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி என்று எஸ்டேட்டுகள். ஜமீன் ஒழிப்புக்குப் பிறகு நிலம் அரசுடையது, குத்தகை 2028-ல் முடிகிறது, அதற்கு முன்பே 2024-ல் தொழிலாளர்களுக்கு விருப்ப ஓய்வு என்று சொல்லி வேலையை நிறுத்தினார்கள். 1999 ஜூலை 23-ல் கூலி உயர்வு கேட்டு நெல்லையில் ஊர்வலம் போனவர்கள்மேல் போலீஸ் தடியடி நடத்தி, தாமிரபரணியில் 17 பேர் செத்தது இந்தத் தொழிலாளர்களின் போராட்டத்தில்தான்.

நீர்ப்பிடிப்பின் நடுவே தேயிலை இருக்கக் கூடாது, அது மறுபடி காடாக வேண்டும், இதில் எனக்கு இரண்டு கருத்து இல்லை. ஆனால் காட்டை வெட்டித் தேயிலை நட்ட முடிவு அந்தத் தொழிலாளி எடுத்தது அல்ல, லாபமும் அவருக்குப் போகவில்லை. காடு திரும்பி வளர்வதற்கான விலையை அவர் தலையில் மட்டும் கட்டுவது அநியாயம். வீடும் நிலமும் பிள்ளைகளுக்கு வேலையும் கொடுத்துத்தான் இறக்கியிருக்க வேண்டும், வாடகை வீடு தேடி அலையவிட்டு அல்ல. ‘சூழலியல் பேசுபவர்கள் எங்களைப் பற்றி எழுத மாட்டீர்கள்’ என்று கடைசி வரியில் எழுதியிருந்தீர்கள், அது எங்களுக்கும் சேர்த்துச் சொன்னதுதான்.

கேள்வி: காட்டுக்குள் காணிப் பழங்குடி மக்கள் இன்னும் இருக்கிறார்களா? (மதுரை)

பதில்: இருக்கிறார்கள். மயிலாறு, சேர்வலாறு, அகஸ்தியர் குடியிருப்பு, காரையாற்றைத் தாண்டி இஞ்சிக்குழி. மரவள்ளி, மிளகு, தேன். பலர் வனத்துறையில் வேட்டைத் தடுப்புக் காவலர்கள். மலைக்கு அந்தப் பக்கம் கேரளக் காணிகள் 1987-ல் ஒரு தாவரவியல் குழுவுக்கு வழிகாட்டிப் போனபோது களைப்புத் தெரியாமல் நடந்தார்கள், என்னவென்று கேட்டதற்கு ஒரு செடியின் காயைக் காட்டினார்கள். ஆரோக்கியப்பச்சை. அதிலிருந்து செய்த மருந்தின் உரிமத் தொகையில் பாதி காணிகளின் அறக்கட்டளைக்குப் போனது, உலகம் முழுக்க இதை உதாரணமாகச் சொல்கிறார்கள். நடைமுறையில் அதில் சண்டை சச்சரவும் இருந்தது.

கேள்வி: நம் மலையில் மட்டும் இருக்கிற, வேறு எங்கும் இல்லாத ஏதாவது உண்டா? நான் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறேன். (ராதாபுரம்)

பதில்: நிறைய உண்டு பாப்பா, மூன்று சொல்கிறேன். ஒன்று, அசம்பு மலைச் சிரிப்பான் என்று ஒரு குருவி, அச்சன்கோவில் கணவாய்க்குத் தெற்கே உள்ள மலைகளில் மட்டும். இரண்டு, ட்ரூரி என்ற ஆங்கிலேயர் 1865-ல் கண்டெடுத்த மஞ்சள் நிற ஆர்க்கிட், பூவின் ஒரு இதழ் செருப்பு மாதிரி குழிந்திருக்கும். அப்புறம் அதைக் காணவில்லை, அழிந்தேபோனது என்று நினைத்தார்கள், 1972-ல் மறுபடி கிடைத்தது. எங்கே பூக்கிறது என்பதைச் சொல்ல மாட்டேன், அதைத் திருடி விற்பவர்களும் பத்திரிகை படிப்பார்கள். மூன்றாவது நம் மலையில் மட்டும் என்று சொல்ல முடியாது, ஆனாலும் நீ பார்க்க வேண்டியது: வரைக்கமுகு. மெலிந்த கமுகு, செங்குத்துப் பாறை விளிம்பில் வரிசையாக நிற்கும். யானைக்கு அதன் குருத்து என்றால் உயிர், எட்டுகிற இடத்தில் இருந்ததைத் தின்று தீர்க்க, எட்டாத பாறையில் மிஞ்சி நிற்கிறது.

கேள்வி: பொதிகை உச்சிக்குப் போக என்ன வழி? (சென்னை)

பதில்: தமிழ்நாட்டுப் பக்கமிருந்து அனுமதி இல்லை. திருவனந்தபுரம் மாவட்டம் போனக்காட்டிலிருந்து கேரள வனத்துறை ஜனவரி முதல் சில வாரங்களுக்கு ஆன்லைனில் அனுமதிச் சீட்டு கொடுக்கிறது, திறந்த கொஞ்ச நேரத்தில் தீர்ந்துவிடும். 1,868 மீட்டர், கடைசி ஏற்றம் வழுக்குப் பாறை, கயிறு பிடித்து ஏற வேண்டும். 2019 வரை பெண்களை விடவில்லை, நீதிமன்றம் சொன்ன பிறகு விடுகிறார்கள். மழை விட்டிருந்தாலும் அட்டைக்கு உப்பும் புகையிலையும் எடுத்துக்கொள்ளுங்கள், மருத்துவச் சான்றிதழ் கேட்பார்கள், பிளாஸ்டிக் பாட்டில் கேட்டிலேயே பிடுங்கப்படும்.